கேளுங்கள், சொல்கிறேன்: சாதாரண நாட்கள் ஏன் மறந்துபோகின்றன?

போன இதழில் ஒரு வாசகி, தன் மகன் சின்ன வயதில் "தண்ணி" என்பதை எப்படிச் சொல்வான் என்பது மறந்துவிட்டது, வீட்டில் யாரைக் கேட்டாலும் தெரியவில்லை என்று எழுதியிருந்தார். நாலு வரியில் பதில் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் பாதிக்கு மேல் இதே விஷயம்தான். பெரிய நாட்கள் இல்லை, சும்மா கழிந்த நாட்கள் எங்கே போயின என்று இத்தனை பேர் தேடுகிறீர்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இந்த முறை முழுக்க இதையே பேசுவோம்.

கேள்வி: அக்கா, அம்மா போய் ஒன்றரை வருடம் ஆகிறது. கண்ணை மூடினால் ஐ.சி.யூ. கண்ணாடிக் கதவும் அந்த மெஷின் சத்தமும்தான் வருகிறது. இத்தனை வருடம் தினமும் எனக்குக் காபி கலந்து கொடுத்த அம்மா, அதில் ஒரு காலைகூடத் தனியாக ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. நான் நன்றி கெட்டவளா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இல்லைம்மா. நன்றிக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. தயவுசெய்து அந்தப் பழியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பயத்திலும் அதிர்ச்சியிலும் இருக்கும்போது பார்ப்பதை மூளை அழுத்திப் பதிந்துகொள்ளும். ஐ.சி.யூ. வாசலில் நீங்கள் நின்ற ராத்திரியைப் போல இன்னொரு ராத்திரி உங்கள் வாழ்க்கையில் இல்லை, அதனால் அது தனியாக நிற்கிறது. காபி அப்படி இல்லையே. ஆயிரக்கணக்கான காலைகள், அதே டபரா, அதே அடுப்பு, அதே "ஆறிடப்போகுது, குடி". ஒன்றின்மேல் ஒன்று படிந்து எல்லாம் ஒரே காபி ஆகிவிட்டது. மேரிகோல்ட் லிண்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972-ல் தொடங்கி ஆறு வருடம், தன் வாழ்க்கையில் நடந்ததில் தினமும் குறைந்தது இரண்டை எழுதிவைத்து, அவ்வப்போது அவற்றில் சிலவற்றை எடுத்து, ஞாபகம் இருக்கிறதா என்று தன்னையே சோதித்துப் பார்த்தார். வெளியூரில் நடக்கும் ஒரு கமிட்டிக் கூட்டத்துக்கு அவர் அடிக்கடி போவதுண்டு. முதல் தடவை போனது நன்றாக நினைவிருந்தது. போகப் போக, எது எந்தக் கூட்டம் என்று பிரிக்க முடியவில்லை, "கூட்டத்துக்குப் போவேன்" என்ற பொதுவான ஞாபகம் மட்டும் மிஞ்சியது. தன் நாட்களைத் தானே கவனமாக எழுதிவைத்தவருக்கே இந்தக் கதி என்றால் நமக்கு எப்படி இருக்கும்?

சரி, இப்போது என்ன செய்வது? "எப்போது" என்று தேடாதீர்கள். வில்லம் வாகெனார் என்ற டச்சு உளவியலாளரும் இதே மாதிரி ஆறு வருடம், 2,400 சம்பவங்கள் எழுதிவைத்தார். யார், என்ன, எங்கே, எப்போது என்று நாலாகப் பிரித்து எழுதி, பிறகு ஒவ்வொன்றாகக் காட்டித் தன்னைச் சோதித்துக்கொண்டதில், தேதியை மட்டும் வைத்துக்கொண்டு அவரால் அநேகமாக எதையுமே மீட்க முடியவில்லை. "என்ன நடந்தது" என்பதுதான் அதிகமாக உதவியது. அதனால் "2009-ல் அம்மா எப்படி இருந்தாள்" என்று யோசித்தால் ஒன்றும் வராது. அம்மாவின் கை என்ன செய்யும் என்று யோசியுங்கள். புடவைத் தலைப்பை எங்கே செருகுவாள், காய் நறுக்கும்போது எந்தக் காலை மடக்கி உட்காருவாள், பால்காரரை எப்படிக் கூப்பிடுவாள், போனை எடுத்ததும் முதல் வார்த்தை என்ன.

இதை நானும் செய்து பார்த்திருக்கிறேன். என் அம்மாவைப் பற்றி என் தங்கையிடம் "அம்மா எப்படி உப்புப் போடும்?" என்று மட்டும் கேட்டேன். கல் உப்பை டப்பாவிலிருந்து எடுத்ததும் அம்மா நேராகக் குழம்பில் போடமாட்டார். இடது உள்ளங்கையில் கொட்டி, ஒரு தடவை பார்த்து, அதில் ரெண்டு கல்லைத் திரும்ப டப்பாவில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் குழம்பில் விடுவார். தங்கை சொன்ன அந்த நிமிஷம் அந்த உள்ளங்கை, அதிலிருந்த சுட்ட தழும்பு, பின்னால் ஓடிக்கொண்டிருந்த ரேடியோ எல்லாம் எனக்கு வந்துவிட்டது. எனவே கூடப்பிறந்தவர்களைக் கேளுங்கள், பக்கத்து வீட்டு அத்தையைக் கேளுங்கள். உங்களிடம் இல்லாத துண்டு அவர்களிடம் இருக்கும்.

வாசனையும் உதவும். மூக்கிலிருந்து போகும் செய்தி மூளையில் நினைவையும் உணர்ச்சியையும் கவனிக்கிற பகுதிகளுக்கு மற்ற புலன்களைவிடக் குறுக்கு வழியில் போய்ச் சேர்கிறது. அம்மாவின் பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள். அவர் வைத்த மாதிரியே ரசம் வையுங்கள், பெருங்காயம் எண்ணெயில் பொரியும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். அழுகை வந்தால் வரட்டும்.

அப்புறம் ஒரு அவசர வேலை. உங்கள் போனிலும் குடும்பத்தில் மற்றவர்கள் போனிலும் அம்மாவின் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் ஏதாவது கிடக்கும். "மாத்திரை வாங்கிட்டு வா" என்று ஏழு விநாடி பேசியிருந்தாலும் போதும், இன்றைக்கே ரெண்டு இடத்தில் சேமித்துவையுங்கள். போன் மாறும்போது முதலில் காணாமல் போவது அதுதான்.

கேள்வி: என் பையனுக்கு மூன்று வயது. பிறந்ததிலிருந்து இன்றுவரை பல்லாயிரம் போட்டோ, வீடியோ எடுத்திருக்கிறேன். ஆனால் போன வருடப் படங்களைப் பார்த்தால் யாரோ ஒருவர் வீட்டுக் குழந்தையைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. இது எனக்கு மட்டும்தானா?
– வாசகர், சென்னை

பதில்: உங்களுக்கு மட்டும் இல்லை தம்பி. 2014-ல் லிண்டா ஹென்கல் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஒரு சோதனை இதைப் பற்றியதுதான். மாணவர்களை ஒரு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய், சில பொருட்களைப் போட்டோ எடுக்கவும் சிலவற்றைச் சும்மா பார்க்கவும் சொன்னார். மறுநாள் கேட்டபோது, போட்டோ எடுத்த பொருட்களைவிடச் சும்மா பார்த்தவைதான் நன்றாக நினைவிருந்தன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று நாம் பார்ப்பதை விட்டுவிடுகிறோம். ஆனால் அதே ஆராய்ச்சியில், பொருளின் ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு ஞாபகம் குறையவில்லை, ஜூமுக்கு வெளியே இருந்த பகுதிகூட நினைவிருந்தது. எதை எடுக்கலாம் என்று தேடிப் பார்த்தார்களே, அந்தப் பார்வை வேலை செய்திருக்கிறது.

அதனால் போட்டோவே எடுக்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். ஒன்று எடுங்கள், போனைப் பையில் போடுங்கள், அப்புறம் பாருங்கள். குழந்தையின் முகத்தையே முப்பது தடவை எடுப்பதற்குப் பதில், அவன் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்கும் காலை எடுங்கள். வீட்டை எடுங்கள். சமையல் மேடை, செருப்பு ஸ்டாண்டு, அவன் கிறுக்கிய சுவர், நீங்கள் பால் வாங்கும் தெருமுனைக் கடை. நம் வீட்டுப் பழைய ஆல்பங்களில் இன்றைக்கு நாம் எதை உற்றுப் பார்க்கிறோம் என்று யோசியுங்கள். சித்தி கல்யாணப் போட்டோவில் மேடையைவிட, பின்னால் தெரியும் டிவி ஸ்டாண்டும் சுவரில் தொங்கும் காலண்டரும் அந்தக் காலத்து ஸ்டீல் நாற்காலியும்தானே "அட!" என்று சொல்ல வைக்கிறது?

இன்னொன்றும் இருக்கிறது. பெரியவர்களைக் கேட்டால் சராசரியாக முதல் ஞாபகம் மூன்று, மூன்றரை வயதை ஒட்டியதாகத்தான் இருக்கும். அதற்கு முந்தையது பெரும்பாலும் மிஞ்சுவதில்லை. அப்படியென்றால் உங்கள் மகன் இதுவரை வாழ்ந்ததில் பெரும்பகுதி அவனுக்கே நினைவிருக்காது, உங்களிடமும் உங்கள் மனைவியிடமும்தான் இருக்கிறது. அவன் பேசுவதை எழுதிவையுங்கள், அவன் சொல்கிற மாதிரியே எழுத்துக்கூட்டி. குக்கரை "ஊக்கை" என்றால் "ஊக்கை" என்றே. ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் ஒரு நிமிஷம் குரலை மட்டும் பதிவு செய்யுங்கள், யாரையும் பாடு, ஆடு என்று சொல்லாமல். தட்டுச் சத்தம், "இன்னும் ஒரு வாய்", அடுத்த அறையில் தாத்தா பார்க்கும் செய்தி, எல்லாம் அதில் இருக்கட்டும். இந்த ஒரு நிமிஷத்துக்கு முன்னால் பிறந்தநாள் கேக் வெட்டும் வீடியோ எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழாசிரியன். வருடா வருடம் ஜனவரி ஒன்றாம் தேதி டைரி தொடங்குகிறேன், பொங்கலோடு நின்றுவிடுகிறது. எழுதுவதற்கு உயர்வான சிந்தனை எதுவும் வருவதில்லை. இந்த வயதில் தொடங்கிப் பயன் உண்டா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: ஐயா, உயர்வான சிந்தனைதான் உங்கள் டைரியை நிறுத்துகிறது. அதை விட்டுவிடுங்கள். தேதி அச்சடித்த டைரியையும் விட்டுவிடுங்கள். நாலு நாள் எழுதாவிட்டால் அந்த நாலு வெற்றுப் பக்கத்தைப் பார்த்தே ஐந்தாம் நாள் மனசு வராது.

உங்கள் வீட்டுச் சுவரில் தினசரி காலண்டர் இருக்கும் இல்லையா, காலையில் கிழிக்கும் அந்தத் தாளைக் குப்பையில் போடாதீர்கள். முன்பக்கம் நாள், நட்சத்திரம், ராகுகாலம் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது, தேதி எழுதும் வேலையும் மிச்சம். பின்பக்கத்தில் ரெண்டு வரி. யார் வந்தார், என்ன சொன்னார், என்ன விலைக்கு எதை வாங்கினீர்கள், மழை வந்ததா. ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுவையுங்கள். விட்டுப்போன நாள் விட்டுப்போகட்டும், டப்பாவுக்குள் அது தெரியப்போவதில்லை. நம் வீட்டுப் பெண்கள் பலருக்கு இது புதிதும் இல்லை. கேஸ் மாற்றிய தேதி, பால் வராத நாளுக்கு ஒரு வட்டம், சீட்டுப் பணம் கட்டிய குறிப்பு என்று மாதக் காலண்டரிலேயே ஒரு குடும்பத்தின் வருடம் முழுக்க இருக்கும். டிசம்பர் முடிந்ததும் அதைச் சுருட்டிப் பழைய பேப்பரோடு போடுகிறோமே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்சிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை உங்களுக்குத் தெரிந்தவர்தான். 1736-லிருந்து 1761 வரை டைரி எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள், யார் வீட்டில் என்ன சண்டை, ஆளுநர் என்ன கேட்டார், தான் என்ன பதில் சொன்னார், எல்லாம் அன்றாடம் பேசுகிற தமிழில். இலக்கியம் படைக்கிறோம் என்று அவர் உட்காரவில்லை, தன் நாளைக் கணக்கெழுதுகிற மாதிரி எழுதினார். அந்தக் காலத்துப் புதுச்சேரித் தெரு எப்படிப் பேசியது என்று இன்றைக்கு நமக்குத் தெரிவதற்கு அதுதான் காரணம். நீங்களும் பேச்சை அப்படியே எழுதுங்கள், தமிழாசிரியராக இருந்து திருத்திவிடாதீர்கள். "அவர் தன் வருத்தத்தைத் தெரிவித்தார்" என்று எழுதினால் ஆளே காணாமல் போய்விடுவார். "என்னமோ போங்க சார்" என்று சொன்னார் என்றால் அதையே எழுதுங்கள், ஆள் அங்கேயே நிற்பார்.

வயதைக் கேட்டீர்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்து உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட, 1855-ல் பிறந்த உ.வே.சாமிநாதையர் தன் சரித்திரத்தை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியது 1940-ல். 85 வயதை ஒட்டி. 1942-ல் அவர் காலமாகும் காலம் வரை தொடர்ந்தது. சிறுவயதில் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து யாரிடம் என்ன பாடம் கேட்டார் என்பதெல்லாம் அதில் வருகிறது. உங்களுக்கு இன்னும் நிறைய நேரம் இருக்கிறது.

கேள்வி: அக்கா, நான் திருப்பூர்ல பனியன் கம்பெனியில ஓவர்லாக் மிஷின் ஓட்டுறேன். ஒன்றரை ஷிஃப்ட். காலைல போனா ராத்திரிதான் வீடு. எல்லா நாளும் ஒரே நாள்தான். இதில கவனிக்க என்னங்க்கா இருக்கு? எழுதறதெல்லாம் ஊர் சுத்தறவங்களுக்குத்தானே?
– வாசகி, திருப்பூர்

பதில்: இந்தக் கேள்வியைத்தான் ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தேன்.

ஊர் சுற்றுகிறவர்களுக்கு எழுதாவிட்டாலும் பாதி நினைவிருக்கும், ஏனென்றால் அவர்கள் பார்ப்பது புதுசு. உங்களுக்குத்தான் இது அதிகம் தேவை. எல்லா நாளும் ஒரே மாதிரி இருப்பதால்தான் அவை ஒன்றோடொன்று கலந்து, பத்து வருடம் கழித்துத் திரும்பிப் பார்க்கும்போது "கம்பெனிக்குப் போனேன்" என்ற ஒரே வரியாகிவிடும். உங்கள் பத்து வருடம் அந்த ஒரு வரிக்குள் போய்விடக் கூடாது என்பது என் ஆசை.

ஒரே மாதிரியான நாளில் அன்றைக்கு மட்டும் மாறியது எது என்று பாருங்கள், ஒன்று போதும். இன்றைக்கு என்ன கலர் துணி ஓடியது? ராத்திரி கண்ணாடியில் பார்த்தால் புருவத்தில் ஒட்டியிருக்கும் பஞ்சுத் தூசி என்ன கலர்? டீ டைமில் போண்டாவா, பன்னா, யார் காசு கொடுத்தார்கள்? பக்கத்து மிஷின் அக்கா என்ன பாட்டை முணுமுணுத்தார்? கரண்ட் போனபோது எல்லா மிஷினும் நின்று திடீரென்று ஒரு அமைதி வருமே, அந்த நேரத்தில் யார் முதலில் பேசியது? செக்கிங்கில் பீஸ் திரும்பி வந்தபோது சூப்பர்வைசர் என்ன சொன்னார், நீங்கள் மனசுக்குள் என்ன சொன்னீர்கள்? போனில் உங்களுக்கே ஒரு மெசேஜ் அனுப்பிக்கொள்ளலாம், பஸ்ஸில் நின்றுகொண்டே. "இன்னைக்கு மஞ்சத் துணி. மல்லிகாக்கா பன் வாங்கித் தந்துச்சு" என்று இவ்வளவுதான். (பெயர் சும்மா சொன்னேன்.)

இது ஏதோ ஆறுதலுக்குச் சொல்வது இல்லை. டிங் ஜாங் என்ற ஆய்வாளரும் அவருடன் ஹார்வர்டில் இருந்தவர்களும் 2014-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கல்லூரி மாணவர்களிடம் அப்போதைய சாதாரண விஷயங்களை எழுதி வாங்கினார்கள். கடைசியாக யாரோடு என்ன பேசினாய், இப்போது கேட்கும் மூன்று பாட்டு எது, இந்த மாதிரி. மூன்று மாதம் கழித்து இதைத் திரும்பப் படிக்க எவ்வளவு ஆவலாக இருப்பாய் என்றும் முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொண்டார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், அவர்கள் நினைத்ததைவிட ஆவல் அதிகமாக இருந்தது. அதே ஆராய்ச்சியின் இன்னொரு சோதனையில், காதலர் தினம் மாதிரி விசேஷ நாளைவிடச் சும்மா ஒரு நாளைப் பற்றி எழுதியதில்தான் இப்படி முன்கூட்டிப் போட்ட கணக்கு அதிகமாகத் தவறியது. இன்றைக்கு ஒன்றுமில்லை என்று தோன்றுவது மூன்று மாதத்திலேயே இவ்வளவு மாறுகிறது என்றால், உங்கள் மஞ்சள் துணியைப் பத்து வருடம் கழித்து உங்கள் மகள் படிக்கும்போது எப்படி இருக்கும் சொல்லுங்கள்.

வேலை முடிந்து உடம்பு அசந்துபோய் வருகிறீர்கள், அதுவும் எனக்குத் தெரியும். தினமும் வேண்டாம். முடிகிற நாளில் செய்யுங்கள் தங்கச்சி.

கேள்வி: நான் ஒரு நோட்டில் இப்படிச் சின்ன விஷயங்களை எழுதிவருகிறேன். என் கணவர் அதைப் பார்த்துவிட்டு "வத்தக்குழம்பு வச்சதையெல்லாமா எழுதுவ?" என்று சிரிக்கிறார்.
– வாசகி, சேலம்

பதில்: அவருக்குக் குறுந்தொகை 167-வது பாட்டை எடுத்துக் காட்டுங்கள். கூடலூர் கிழார் பாடியது. புதுசாகக் கல்யாணமான பெண். முற்றிய தயிரை விரலால் பிசைகிறாள், உடுத்தியிருக்கும் துணியிலேயே கையைத் துடைத்துக்கொள்கிறாள், அதை மாற்றவும் நேரமில்லை, தாளிப்புப் புகை மை தீட்டிய கண்ணில் ஏறுகிறது. தானே கிளறிச் சமைத்த அந்தப் புளிப்புக் குழம்பை அவன் "இனிது" என்று சாப்பிட்டதும் அவள் முகத்தில் மெல்ல ஒரு சந்தோஷம் தெரிகிறது. முழுப் பாட்டும் இவ்வளவுதான், ஆறே வரி. குழம்பு வைத்ததைத்தான் எழுதியிருக்கிறார், ஏறக்குறைய இரண்டாயிரம் வருடமாக நாம் படித்துக்கொண்டிருக்கிறோம். துணியில் கை துடைத்ததைக்கூட விடவில்லை பாருங்கள்.

நீங்கள் எழுதுங்கள். அவர் "நல்லாருக்கு" என்று சொன்ன நாளையும் எழுதுங்கள், சொல்லாத நாளையும் எழுதுங்கள்.

கேள்வி: நாங்கள் 95 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்த குடும்பம். ஒரு போட்டோவும் கையில் இல்லை. அம்மம்மாவுக்கு வயது போய்விட்டது. ஊரைப் பற்றிக் கேட்டால் "என்னத்தைச் சொல்ல, நல்லாத்தான் இருந்தம்" என்று விட்டுவிடுகிறா. எப்படிக் கேட்பது?
– வாசகர், ஸ்காபரோ, கனடா

பதில்: 1995 அக்டோபர் 30-ஆம் தேதி போரினால் ஒரே இரவில் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி முழுக்கச் சாவகச்சேரிப் பக்கம் நடந்தபோது, ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வர யாருக்குக் கை இருந்தது? உங்கள் வீட்டில் மட்டும் இல்லை, அப்படிப் படமே இல்லாத குடும்பங்கள் எத்தனையோ.

"ஊர் எப்படி இருந்தது" என்று கேட்டால் யாருக்கும் பதில் வராது, கேள்வி அவ்வளவு பெரிசு. ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து வீட்டைக் கீறச் (வரையச்) சொல்லுங்கள். அவர் கை நடுங்கினால் நீங்கள் கீறுங்கள், அவர் சொல்லட்டும். படலையில் (வேலி வாசல் கதவில்) தொடங்குங்கள். படலையைத் திறந்தால் இடது பக்கம் என்ன நின்றது? கிணற்றடிக்கு எப்படிப் போவது? துலாவா, கப்பியா? குசினி வீட்டோடு சேர்ந்ததா, தனியாகவா? வேலிக்கு எத்தனை வருடத்துக்கு ஒருமுறை கிடுகு மாற்றுவது, யார் வந்து கட்டுவது? அடுத்த வளவில் யார்? இடத்தைப் பிடித்துக்கொண்டு போனால் ஆட்கள் தானாக வருவார்கள். கிணற்றடி என்று சொன்னதும், விடிய வெள்ளென அங்கே யார் முதலில் தண்ணீர் அள்ளியது என்பது வரும், அப்புறம் அந்த ஆளின் இருமல் வரும்.

அவர் சொல்கிற சொல்லிலேயே எழுதுங்கள், உங்கள் பிள்ளைகளுக்குப் புரியாது என்று மாற்ற வேண்டாம். புரியாததை அவர்கள் உங்களிடம் கேட்பார்கள். போனைப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள், அவருக்குச் சொல்லிவிட்டுத்தான். அந்த இரவைப் பற்றி அவராக வந்தால் கேளுங்கள், நீங்களாக இழுக்க வேண்டாம். பேச்சை நிறுத்தினால் நிறுத்தட்டும், தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள். இன்னொரு நாள் பனங்கிழங்கு மாவில் செய்யும் ஒடியல் கூழைப் பற்றிக் கேட்கலாம், என்னென்ன மீன் போடுவது, எந்தச் சட்டியில், யார் யார் சுற்றியிருந்து குடிப்பது என்று. சாப்பாட்டுக் கேள்விக்குப் பெரியவர்கள் எப்போதும் பதில் சொல்வார்கள். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே தொடங்குங்கள்.

கேள்வி: எனக்கு எழுதவே வராது. எழுதாமல் ஞாபகம் வைத்துக்கொள்ள வழி இல்லையா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இருக்கிறது. சொல்லுங்கள். அன்றைக்குப் பார்த்த ஒன்றை அன்றைக்கு ராத்திரியே யாரிடமாவது சொல்லுங்கள். திரும்ப எடுத்துச் சொன்னது தங்கும், சொல்லாதது போகும். சாப்பிடும்போது பிள்ளைகளிடம் "ஸ்கூல்ல என்ன நடந்துச்சு" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். "இன்னைக்கு யார் டிபன் பாக்ஸ்ல என்ன இருந்துச்சு" என்று கேட்டுப் பாருங்கள், நிறுத்தமாட்டார்கள். பிறகு நீங்களும் உங்கள் பங்குக்கு ஒன்று சொல்ல வேண்டும், அது முக்கியம். அப்பா பஸ்ஸில் பார்த்த கோழிக்குஞ்சுக் கூடை கதை பிள்ளைகளுக்குப் பல வருடம் நிற்கும்.

கேள்வி: வயது 58. சாவியை எங்கே வைத்தேன் என்று தினமும் தேடுகிறேன். போன வாரம் என்ன சாப்பிட்டேன் என்பது நினைவில்லை. பயமாக இருக்கிறது.
– வாசகி, மதுரை

பதில்: போன வாரச் சாப்பாடு யாருக்கும் நினைவிருக்காது, அதை விடுங்கள். சாவியை வைக்கும்போது மனசு வேறு எங்கோ இருந்தால் அது பதியவே இல்லை, பதியாததை எப்படித் தேடி எடுப்பது? வைக்கும்போது "ஃப்ரிட்ஜ் மேலே வைக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சரியாகத் தூங்குகிறீர்களா என்றும் பாருங்கள், பகலில் பார்த்ததை மூளை நிலைநிறுத்துவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் தெரிந்த தெருவில் வழி தடுமாறுவது, கேட்டதையே சற்று நேரத்தில் திரும்பத் திரும்பக் கேட்பது, பல வருடமாகச் செய்த சமையலில் வரிசை குழம்புவது, இதெல்லாம் இருந்தால், அல்லது வீட்டில் மற்றவர்கள் அப்படிச் சொன்னால், தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். தைராய்டு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு என்று சரிசெய்யக்கூடிய காரணங்களும் நிறைய உண்டு.

கேள்வி: பஸ் டிக்கெட், ஹோட்டல் பில், சினிமா டிக்கெட் எல்லாம் சேர்த்துவைக்கிறேன். ரெண்டு வருடத்தில் எழுத்தே இல்லாமல் வெள்ளைத்தாள் ஆகிவிடுகிறது. என்ன செய்யலாம்?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: அந்த பில்லெல்லாம் தெர்மல் பேப்பர், சூட்டில் அச்சாவது. மை கிடையாது. வெயில், சூடு, பிளாஸ்டிக் கவர் எல்லாமே அதை வெளுக்கவைக்கும், லேமினேட் செய்தால் அந்தச் சூட்டில் மொத்தமாகக் கறுத்துவிடும், அதனால் அதை மட்டும் செய்யாதீர்கள். வாங்கிய அன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். பழைய மாதிரி அச்சடித்த பஸ் டிக்கெட் கிடைத்தால் பயமில்லாமல் வைக்கலாம்.

எழுதுவதற்குப் பென்சில் நல்லது, ஈரம் பட்டாலும் ஓடாது. ஜெல் பேனா, ஸ்கெட்ச் பேனா பலவும் தண்ணீர் பட்டால் கலங்கிவிடும். ஒவ்வொரு டிக்கெட் பின்னாலும் யாரோடு போனாய், வழியில் என்ன பேசிக்கொண்டீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடு. டிக்கெட்டில் விலையும் நேரமும் இருக்கும், அது இருக்காது. போனில் எழுதுகிறாய் என்றால் வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து ஒரு செட்டை உன்னிடமும் இன்னொன்றை அம்மா வீட்டு அலமாரியிலும் வை. கீழ்த்தட்டில் வேண்டாம், மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் முதலில் நனைவது அதுதான்.